ஏழு மணி வெயில்

போன மாதம் ஒரு காலையில், பால் பொங்கி வரும் நேரத்தில் போன் அடித்தது. துளசிமணி டீச்சரின் கணவர் பேசினார். "ஏனுங்க டீச்சர், துளசி போயிட்டாளுங்க" என்றார். அடுப்பை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பள்ளியில் அவர் கணக்கு, நான் தமிழ். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

கோயமுத்தூர் கணபதியில் அவர் வீட்டை இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கீழே கணவரின் லேத் பட்டறை, மேலே குடித்தனம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பகலிலேயே விளக்குப் போட வேண்டும். ஓய்வு பெற்றதும் மொட்டை மாடியின் கிழக்கு மூலையில் ஒரு கண்ணாடி அறை கட்டிக்கொண்டார். தனக்கென்று அவர் கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். "கோயமுத்தூர் வெயிலுக்குக் கண்ணாடி ரூமா, வெந்துபோயிருவீங்க" என்று சண்டைக்குப் போனேன். "ஏழு மணி வெயிலு மட்டும் என்னோடதுங்க டீச்சர். மத்த வெயிலை ஆரு வேணும்னாலும் எடுத்துக்கட்டும்" என்று சிரித்தார்.

ஒரு பிரம்பு நாற்காலி, காலடியில் ஜமுக்காளம், தொட்டியில் ஒரு வெற்றிலைக் கொடி. அவர் வைத்தது அவ்வளவுதான். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? புது அறையைப் பார்க்கக் கையை வீசிக்கொண்டு போக முடியுமா? அந்தியூரிலிருந்து நாத்தனார் பெரிய மண் குதிரை ஒன்றைக் கொண்டுவந்தார். கணவரின் கூட்டாளி மீன் தொட்டி கொடுத்தார். நான் கனமான பூப்போட்ட திரைச்சீலை வாங்கிப்போனேன். எல்லோருக்கும் ஒரே பதில்: "வையுங்க, நல்லாருக்குதுங்க." முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வராது.

ஒருநாள் காலை நான் போனபோது காபியோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். "உள்ள எடமில்லீங்க. குதிரை வெயில் காயுது" என்றார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "எல்லாத்தையும் தூக்கிக் கடாசுங்க" என்றேன்.

அவர் கடாசவில்லை. ஒவ்வொருவரையாக வீட்டுக்கு அழைத்து, அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் ஊற்றிப் போட்டு, "இது இங்க வெயில்ல வெளுத்துப்போகுமுங்க. உங்க ஊட்டுல இருந்தா நான் வந்து பார்த்துக்குவேன்" என்று கையில் கொடுத்தனுப்பினார். குதிரை பஸ் ஏறி அந்தியூர் போனது. நாத்தனாருக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் திரைச்சீலையும் எனக்கே வந்தது. "இதை மாட்டினா வெயிலு வாசலோட திரும்பிப்போயிருதுங்க" என்றார். உம்மென்று வாங்கிக்கொண்டேன். சாதம் நன்றாக இருந்தது.

பிறகு டீச்சர் நோயில் விழுந்தார். அது முற்றியபோது, கட்டிலைக் கண்ணாடி அறைக்கே கொண்டுபோய்ப் போடலாம் என்றான் அவர் மகன். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "சீக்கு கீழயே இருக்கட்டும் கண்ணு. மேல நான் மட்டும் போயிட்டு வாரேன்." தினமும் கணவர் கைத்தாங்கலாக மேலே ஏற்றிவிடுவார். கடைசி நாட்களில் தூக்கிக்கொண்டே போனார். நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்பார். டீச்சர் கூப்பிட்டால்தான் உள்ளே போவார்.

காரியம் முடிந்த அன்று, மாலை போட்ட படத்தைக் கண்ணாடி அறையில் மாட்டலாம் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். அதிகம் பேசாத அவர் கணவர், "அங்க எதையும் வைக்க வேண்டாமுங்க. அது அவ எடம்" என்றார். பிறகு என்னிடம் வந்து, "மேல போகக் காலு வரமாட்டேங்குதுங்க டீச்சர். நாளைக்குக் காலைல வாரீங்களா?" என்று கேட்டார்.

போனேன். நான் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவர் கதவருகிலேயே நின்றார். "டீச்சர் கூப்பிடறாங்கன்னு நெனச்சுட்டு வாங்க" என்றேன். வந்தார். காலி நாற்காலியின் பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சர் போன பிறகு முதல் தடவையாக அழுதார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. வெயில் எங்கள் முழங்கால் வரை வந்தது. அவர் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருந்தேன். என் வாயை அறிந்த உங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஒருவருக்கு வேண்டிய இடத்தை நான் எதையும் கொண்டுபோய் அடைக்காமல் விடுவது: துளசிமணி டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.