நான் வெளுத்த முகங்கள்

ப்யூட்டி பார்லர் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: வேலை நடக்கும்போது வாடிக்கையாளர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்க்கும் அந்த ஒரு நிமிஷம்தான் நமக்குக் கண்டம்.

எண்பதுகளின் நடுவில், அம்பத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சுழல் நாற்காலியையும் ஆளுயரக் கண்ணாடியையும் போட்டு ஆரம்பித்தேன். அப்போது பார்லர் என்றாலே சினிமாக்காரர்கள் போகிற இடம் என்று பேச்சு. தொண்ணூறுகளின் கடைசியில் தெருவுக்கு இரண்டு பார்லர். இடையில் கல்யாண வீடியோ வந்தது, கேபிள் டி.வி. வந்தது, கம்பெனிக்குப் போகும் பெண்களின் கையில் சொந்தச் சம்பளம் வந்தது. எல்லாம் சேர்ந்து என் தொழிலை வளர்த்தன. நான் வளர்ந்த விதத்தைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஏதோ ஒரு பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து நீங்களும் அவஸ்தைப்பட்டிருப்பீர்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

வீடியோ லைட்

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு கல்யாணம். மணப்பெண் ரேவதி நல்ல கறுப்பு, களையான முகம். முகத்தில் பூசும் பேன்கேக் என்னிடம் ஒரே நிறம்தான் இருந்தது, ரோஸ். கடைகளில் கிடைத்ததும் அதுதான். வீடியோக்காரர் கதவருகே நின்றுகொண்டு, "மேடம், லைட்டு போட்டா கறுப்பா வுழும். இன்னொரு கோட்டிங் குடுங்க" என்றார். கொடுத்தேன். மறுபடி சொன்னார். மறுபடி கொடுத்தேன்.

ரேவதி கண்ணாடியைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து, பூச்சு படாத கழுத்தை மட்டும் மூடிக்கொண்டாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு நேரமாகிறதென்று அவள் அப்பா உள்ளே வந்தார். மகளைப் பார்த்தார். அவளைத் தாண்டி அறை மூலைவரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, அலங்காரம் முடிஞ்சிச்சுன்னாங்களே, எம் பொண்ணு எங்க கீது?"

முன்பும் பின்பும்

கேபிள் வந்ததும் சிவப்பழகு க்ரீம் விளம்பரம் ஒரு நாளைக்கு இருபது தடவை ஓடியது. நானும் க்ரீம் விற்க ஆரம்பித்தேன். சுவரில் எதிர்வீட்டு லதாவின் இரண்டு போட்டோக்களை மாட்டினேன். 'முன்பு' என்பதில் கறுப்பு, 'பின்பு' என்பதில் சிவப்பு. இரண்டையும் ஒரே காலையில், அரை மணி இடைவெளியில் எடுத்தேன் என்பதுதான் விஷயம். முதல் படம் தலை வாராமல், பின்கட்டு நிழலில். இரண்டாவது பவுடர் போட்டு, ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே.

என்னிடம் வேலை பார்த்த மும்தாஜ் பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவாள், மருதாணி போடுவதில் கெட்டிக்காரி. படம் எடுத்தபோது பக்கத்திலேயே இருந்தவள். க்ரீம் வாங்கியவர்கள் போட்டோவை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் போவதைச் சில வாரம் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் மருதாணிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, பேசாம அந்த ட்யூப்லைட்டையே வித்துடலாம். அதுல பொய் இல்ல."

எரிச்சல்

சாந்தி மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் ரேடியோ பாகங்களைப் பொருத்துகிறவள். மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, ஷிப்ட் முடிந்த கையோடு ப்ளீச் செய்ய ஓடிவந்தாள். புதிதாக வருகிறவர்களுக்குக் காதுக்குப் பின்னால் துளி தடவி, ஒருநாள் பொறுத்துத்தான் முகத்தில் போட வேண்டும். டப்பாவிலேயே எழுதியிருக்கும். அன்று நாலு பேர் காத்திருந்தார்கள். நேராக முகத்தில் போட்டேன். எரிகிறது என்றாள். பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். மறுபடியும் சொன்னாள். நான் அடுத்தவருக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். கழுவியபோது இரண்டு கன்னமும் வீங்கிச் சிவந்திருந்தன.

டாக்டரிடம் அழைத்துப் போனேனா? இல்லை. கற்றாழை தடவச் சொல்லி அனுப்பிவிட்டேன். பார்க்க வந்தவர்கள் வந்த வேகத்தில் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்காமல் யாருக்கும் ப்ளீச் போட்டதில்லை. சாந்திக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாப்பில் எதிரெதிரே வந்துவிட்டோம். அவள் கன்னத்தில் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருந்தது. நாலு பேர் முன்னால் கத்தப்போகிறாள் என்று நின்றேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"எரியுதுன்னு சொன்னப்போ, 'எரிஞ்சாத்தான் வேலை செய்யுது'ன்னு சொன்னீங்களேக்கா. அதான் நம்பி உக்காந்துகினு இருந்தேன்."

நடுவர்

நம் நாட்டுப் பெண்கள் உலக அழகிகளாக ஜெயித்துக்கொண்டிருந்த வருஷங்கள். முகப்பேரில் ஒரு ஃப்ளாட்டுக்காரர்கள் பொங்கல் விழாவில் பள்ளிக்கூடப் பெண்களுக்கு அழகிப் போட்டி வைத்து, என்னை நடுவராக உட்காரவைத்தார்கள். நடந்து காட்ட வேண்டும், மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்பதாவது படிக்கும் அமுதா என்ற பெண் சொன்ன பதில்களுக்குக் கூட்டமே கை தட்டியது. நானும் தட்டினேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் வாயைத் திறப்பதற்கு முன்பே, இருப்பதிலேயே சிவப்பான பெண்ணின் பெயருக்கு நேரே என் பென்சில் ஒரு டிக் போட்டிருந்தது. அதை நான் அழிக்கவில்லை.

டிக் போட்ட பெண்ணுக்கே பரிசு கொடுத்து முடித்து, டீ குடித்துக்கொண்டிருந்தேன். அமுதா ஒரு நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள். கோபமே இல்லை. கணக்கு டீச்சரிடம் சந்தேகம் கேட்கிற முகம்.

"ஆன்ட்டி, நான் எந்தக் கேள்விக்குத் தப்பா பதில் சொன்னேன்? சொல்லுங்க, அடுத்த வருஷம் சரி பண்ணிக்கிறேன்."

பழுப்பு

ஆவடியிலிருந்து கஸ்தூரி என்று ஒரு நர்ஸ், கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்தாள். "மேடம், என் கலர்லயே போடுங்க. வெள்ளையடிச்சிங்கன்னா நான் மணவறைக்கு வரமாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொன்னாள். அத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள். அவள் நிறத்தில் என்னிடம் ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கெங்கோ அலைந்து, கடைசியில் ஒன்று வாங்கினேன். அவள் முகத்தில் அது அப்படியே பொருந்தியது. கல்யாணத்தன்று ஜொலித்தாள். ஆனால் அந்த முகத்தைவிட, அதை வாங்கிய கடைதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

பாரிமுனையில் நாடக சாமான் விற்கும் கடை அது. பழுப்பு நிறப் பேன்கேக் வேண்டும் என்றேன். "இன்னா நாடகம் மேடம்? பிச்சைக்காரி வேஷமா?" என்றார் கடைக்காரர். கல்யாணப் பெண்ணுக்கு என்றேன். பரண்மேல் கிடந்த டப்பாவை எடுத்துத் தூசி தட்டியபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்யாணப் பொண்ணுக்குன்னு இத யாரும் கேட்டதில்லியே மேடம். செவப்பா கீற நடிகைங்கள ஏழையா காட்டத்தான் வாங்கினு போவாங்க."

அம்பத்தூர் வட்டாரத்தில் எத்தனை பேரை அழகாக்கினேன் என்று எனக்குத் தெரியாது. அதில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் வருவதற்கு முன்பே அழகாகத்தான் இருந்தார்கள் என்பது மட்டும், பார்லரை மூடிய பிறகு நன்றாகத் தெரிகிறது.