மூன்று வால் உள்ள பெயர்

அக்காவின் பேத்தி சிப்காட்டில் மாத்திரை செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஐந்து மூலையுள்ள வளையம் ஒன்று போட்டாள். அதன் ஒரே மூலையில் ஆறு மூலை வளையங்கள் இரண்டைத் தொங்கவிட்டாள்.

"தாத்தா, நீ சின்னதுல இருந்து முழுங்கற மாத்திரை இதான். அஞ்சு மூலை ஹைடன்டாயின். ஆறு மூலை ஃபீனைல். டைன்னா ரெண்டு. சேர்த்துச் சொல்லு, டைஃபீனைல்ஹைடன்டாயின்."

"வூடு கழுவற பினாயிலா?"

"அது வேற தாத்தா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது பெயரைச் சுருக்கி ஃபெனிடாயின் என்று போடுகிறார்களாம்.

யாரோடு யார் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. எங்கள் ஊரிலும் அப்படித்தான். என்னைப் பெயர் சொல்லி அழைத்தவர் குறைவு. கொள்ளுக்காட்டுக்காரர் மவன் என்பார்கள், பிறகு அக்காவை வைத்து, அந்தப் பெண்ணின் தம்பி என்றார்கள்.

நாங்கள் தொரப்பள்ளிக்குப் பக்கம். எனக்கு எட்டு வயதில் வலிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை விழுந்ததும் வாத்தியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். என் படிப்பு அதோடு சரி. கிருஷ்ணகிரி டாக்டர் ஒரு பாட்டில் மாத்திரை கொடுத்தார். அதில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் பெயரைப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. எறும்புச் சாரை போல நீளம். நடுவில் மூன்று எழுத்துகளுக்கு மட்டும் கீழே வால் தொங்கும். அந்த வால் எதற்கு என்று நான் கேட்காத ஆள் இல்லை. எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டியிடம்கூடக் கேட்டிருக்கிறேன்.

அப்போது அக்காவைப் பெண் பார்க்க ஆனேக்கல் பக்கத்திலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். வீட்டில் வலிப்பு இருப்பது தெரிந்தால் எந்த இடமும் கூடி வராது. அம்மா டாக்டர் எழுதின சீட்டை அடுப்பில் போட்டாள். பாட்டிலை வெந்நீரில் ஊறவைத்து, அந்த எறும்புச் சாரையைச் சுரண்டி எடுத்தாள். நான் அழுதேன்.

அவர்கள் வருவதற்கு நான்கு நாள் முன்னால் மாத்திரை தீர்ந்தது. அப்பா மொட்டைப் பாட்டிலோடு என்னையும் இழுத்துக்கொண்டு ஓசூர் மருந்துக்கடைக்குப் போனார்.

"பேரு இன்னா?" என்றார் கடைக்காரர்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"நீளமான பேருங்க. மூணு வாலு இருக்கும்" என்றேன்.

"வாலு வெச்ச மாத்திரை மாட்டாஸ்பத்திரில கேளு, போ" என்றார். நின்றிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவசரத்துக்குக் கிருஷ்ணகிரி போய் வர அவருக்கு வழியில்லை. பெண் பார்க்கிற சடங்கு முடியட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினார். வெட்கம் என்று நினைத்தேன். கேசரித் தட்டை அவரிடம் நீட்டியது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது ஒருக்களித்துக் கிடந்தேன். அம்மா என் கையில் திணித்திருந்த இரும்புச் சாவியை மாப்பிள்ளையின் அம்மா பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"இது இன்னாத்துக்கும்மா? வாயில கீயில குத்திக்கப் போறான். ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆவாது. மாத்திரைய நிறுத்துனீங்களா?"

அப்பாதான், "பேரு தெரியாம போச்சுங்க" என்றார். சம்பந்தம் போனதென்று அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மாளும் என்னைப் போலக் கைநாட்டுதான். ஆனால் மாரியம்மன் பாட்டு சொல்வது போலத் தடங்கலில்லாமல் சொன்னார்: "டைஃபீனைல்ஹைடன்டாயின். சோறு தின்ன பின்னாடி குடுங்க. ஒரு நாளும் வுடாதீங்க. ஈறு வீங்கும், பல்ல நல்லா வெளக்கச் சொல்லுங்க."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். கதவோரம் நின்ற அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரும் கேட்காமலே, "எனக்குச் சம்மதம்பா" என்றாள்.

அம்மா ஏன் அழுதாள் என்று எனக்குப் புரியவில்லை. என் மூன்று வால் பெயர் ஒருவருக்குத் தெரிந்திருந்ததே, எனக்கு அந்தச் சந்தோஷம்.

கல்யாணத்துக்குப் பிறகு வருஷத்தில் பாதி நாள் அக்கா வீட்டில்தான் இருந்தேன். மாமா நல்ல மனுஷன். சிரிக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வார். அடுப்படிப் பலகையில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள் இருக்கும். சாப்பிட்டதும் ஒன்றைத் திறந்து எனக்கு மாத்திரை கொடுப்பாள் அக்கா.

இன்னொன்று, என்னுடையது தீர்ந்துபோனால் இருக்கட்டும் என்று வாங்கி வைத்தது என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.