தறிச் சத்தம் கேட்காத காலை

கொரோனா வந்த முதல் வருடம் அது. சென்னையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த கம்பெனி, எல்லோரையும் லேப்டாப்போடு ஊருக்கு அனுப்பிவிட்டது. ஹாஸ்டல் சாம்பாரிலிருந்து தப்பித்தோம் என்று சந்தோஷமாக ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் நகரிக்கு வந்த எனக்கு, முதல் மீட்டிங்கிலேயே தலைவலி ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில், நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் இரண்டு விசைத்தறிகள். அவை ஓடினால் பக்கத்தில் இருப்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும்.

காலை மீட்டிங் வந்தால் நைனா தறியை நிறுத்திவிட்டு, நான் முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மீட்டிங் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தறியைப் போட்டுவிட்டார். போச்சுடா என்று மைக்கை அணைக்கும் பொத்தானைத் தேடினேன். எங்கள் டீம் லீடர் சூளூர்பேட்டைக்காரர். அந்த அக்காவை நான் நேரில் பார்த்ததே இல்லை, குரல்தான் பழக்கம். என்ன சத்தம் என்று கேட்டார். சொன்னேன்.

"அதுக்கா நைனா வேலைய நிறுத்திட்டு குந்திக்கினு இருக்காரு? ஓட்டச் சொல்லும்மா. நாங்க கேட்டுக்கினே பேசறோம்."

அன்றிலிருந்து என் முறை வந்தால் தறியும் கூடவே பேசும். "நகரியில மழை கொட்டுது" என்று டீமே கிண்டல் செய்யும். நைனாவுக்கு அதில் ஏகப் பெருமை.

பிறகு நைனாவுக்கு ஜுரம் வந்தது. "சாதா ஜுரம்தான், வெளிய சொல்லாத. தெருவுல ஒருத்தன் கிட்ட வரமாட்டான்" என்று எங்கள் வாயை அடைத்துவிட்டார். அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாலைந்து நாளில் ஒரு காலை, அவர் படுத்தபடியே மூச்சு வாங்கினார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் கம்பெனியில் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்த நேரம். தறியும் நின்று, என் வேலையும் போனால் வீடு என்னாவது? பேசாமல் மீட்டிங்கில் போய் உட்கார்ந்தேன்.

"எல்லாம் நல்லாருக்குக்கா" என்றேன்.

"நல்லாருக்குன்ற. தறி ஓடலையே, ஏன்?"

"கரண்ட் இல்லக்கா."

"உன் ஃபேன் சத்தம் எனக்கு கேக்குதே."

அதற்குமேல் முடியவில்லை. அத்தனை பேர் காதிலும் விழ அழுதுவிட்டேன்.

"லேப்டாப்ப மூடு. நைனாவ கூட்டிக்கினு கிளம்பு. உன் வேலைய நாங்க பிரிச்சி செய்துக்கறோம்" என்றார் அக்கா.

கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஆட்டோ பிடித்து திருப்பதி போய்ச் சேர்வதற்குள், எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறது என்று அக்கா போனில் சொல்லிவிட்டார். திருப்பதியில் இருந்த எங்கள் டீம்காரர் ஒருவர் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நைனா பேருக்குச் சீட்டுப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாஸ்க்குக்கு மேல் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவருடைய முகம் இன்றுவரை எனக்குத் தெரியாது. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அக்கா போன் செய்வார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. "துன்னியா? மொதல்ல துன்னுட்டு வந்து பேசு" என்பார்.

நைனா தேறி வந்து, மெலிந்த கையால் மறுபடி தறியைப் போட்ட காலை, நான் மைக்கைத் திறந்து வைத்தேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அக்கா சொன்னார், "இப்ப மீட்டிங் ஆரம்பிக்கலாம்."

அந்த டீம் கலைந்து வருடங்கள் ஆகின்றன. அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் மனசு ஏங்குகிறது. இன்று நானும் ஒரு டீம் லீடர், என் ஆட்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். யாராவது "எல்லாம் ஓகே மேடம்" என்றால் உடனே அடுத்தவரிடம் போய்விடுவதில்லை. அவர்களுக்குப் பின்னால் தினமும் கேட்கும் சத்தம் இன்றைக்கும் கேட்கிறதா என்று ஒரு நிமிடம் காது கொடுக்கிறேன்.