அவங்க போட்டா பந்து நமக்கு

பக்கத்துப் பள்ளிச் சுவரைத் தாண்டி வந்த பந்து என் வாசலில் தொம் தொம்மென்று குதித்து அடங்கியது. குனிந்து எடுத்தேன். ரப்பர் பந்துதான். ஆனால் என் மூக்குக்கு அண்ணனுடைய தோல்பந்தின் வாசனை வந்தது.

மதுரையில் மிஷன் பள்ளிக்காக அண்ணன் கூடைப்பந்து ஆடினான். சாயங்காலம் தண்ணீர் தெளித்த மண் மைதானத்தில் பந்து தட்டும் சத்தம் கேட்டதும், அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஓடுவாள். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரணியை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். எனக்கும் அந்தப் பைத்தியம் அப்படித்தான் ஒட்டியது.

“அவனுங்கள இம்புட்டு லேசாக் கூடை போட விட்டுட்டியேடா!” என்று ஒருநாள் அவனிடம் சண்டைக்குப் போனாள்.

அண்ணன் சிரித்தான். “அவங்க போட்டா பந்து நம்ம கைக்குத்தாம்மா வரும். அழுதுக்கிட்டு நிக்கக் கூடாது, எடுத்து ஆடணும்.”

பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவன் திரும்பவில்லை. தந்தி வந்த பிறகு அம்மா ஒரே ஒரு தடவைதான் மைதானத்துக்கு வந்தாள். எதிரணி கூடை போட்டது. விழுந்த பந்தை எங்கள் பள்ளிப் பையன் எடுத்து, கோட்டுக்கு வெளியே நின்று உள்ளே எறிந்தான். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“ஆண்டவர் போட்டுட்டாரு. நமக்கு எங்கடி பந்து?”

பிறகு அவள் வரவேயில்லை. நான் மட்டும் எங்கே ஆட்டம் நடந்தாலும் போய் நிற்கிறேன்.

“பாட்டி, பந்தைக் குடுங்க!” சுவருக்கு மேல் ஒரு தலை தெரிகிறது.

கொடுக்கத்தான் போகிறேன். கொஞ்சம் கையில் இருக்கட்டும்.