நாலு ராடும் நாலு மூடியும்

"…புளியும் சாம்பலும் போட்டு மூணு தபா தேய்ச்சேன், இல்லன்னா அந்தப் பிசுக்கு இந்த ஜென்மத்துல போயிருக்காது. பாருய்யா, எப்படிப் பளபளன்னு இருக்குதுன்னு!" என்றாள் என் மனைவி.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம். ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் காலை. செஞ்சியில் திருவண்ணாமலை போகிற சாலையோரம் கீற்றுக் கொட்டகை போட்டு நான் நடத்திவந்த பட்டறை. மெட்ராசிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்திறங்கி, கையில் பையோடு வாசலில் நிற்கிறேன். எதிரே பலகை மேல் ஒரு இஞ்சினின் உள்ளுறுப்புகள் அத்தனையும் கொலு மாதிரி அடுக்கியிருக்கின்றன. பெரியது பெரியதோடு, சிறியது சிறியதோடு. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நான்கு பிஸ்டன்களின் தலையிலும் ஆளுக்கொரு சாமந்திப் பூ.

கையிலிருந்த பையை அப்படியே கீழே போட்டுவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் ஊர் எண்ணெய் மில் முதலாளி புதுச்சேரியில் ஒரு கார் வாங்கியிருந்தார். இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, பந்தயத்தில் ஓட்டுகிற சீமைக் கார். பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போனது. பத்து வருடம் கொட்டகையில் கிடந்ததால் இஞ்சின் சுற்றாமல் இறுகிக் கிடந்தது. முதலாளிக்குப் பெண் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் காரில்தான் மாப்பிள்ளை வரவேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். அவர் வாயில் எப்போதும் ஒரு பேச்சு உண்டு: "முடிஞ்சுதுன்னு வெச்சிக்கோ." எதைச் சொன்னாலும் அதுதான். "வண்டிய நீ பண்ற. முடிஞ்சுதுன்னு வெச்சிக்கோ" என்று என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டார்.

நான் யார் என்றால், பம்பு செட்டு மெக்கானிக். அவலூர்பேட்டை வரைக்கும் என் கைபடாத ஆயில் இஞ்சின் இல்லை. ஆனால் பம்பு இஞ்சினுக்கு ஒரே பிஸ்டன், ஒரே ராடு. கழற்றினதைக் கழுவித் திரும்ப மாட்டினால் ஓடும். இதிலோ நான்கு. "பம்பு செட்டு டாக்டரு சீமைக்காரிக்குப் பிரசவம் பாக்கறாருப்பா" என்று டீக்கடையில் ஒருவன் கிண்டல் அடித்தான். அந்தப் பேச்சை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

புதுச்சேரியில் அந்தக் காரைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் என்னிடம் ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தார்: ஜோடி கலைந்தால் தொலைந்தாய் என்று. பிஸ்டனைத் தாங்குகிற ராடின் அடிப்பக்கம் இரண்டு பாதியாக இருக்கும். கீழ்ப்பாதி ஒரு மூடி மாதிரி. ராடும் மூடியும், இஞ்சினுக்குள் சுழல்கிற தண்டான கிராங்கைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து வைத்தே கடைந்திருப்பார்கள். ஒன்றின் மூடியை இன்னொன்றுக்குப் போட்டால் மயிரிழை வித்தியாசம் வந்து கிராங்கு இறுகிப்போகும். அதனால் பிரித்தபோதே கோணியை விரித்து, முதல் ராடு அதன் மூடி, இரண்டாம் ராடு அதன் மூடி என்று வரிசையாக வைத்துவிட்டுத்தான் மெட்ராசுக்குப் போனேன்.

மெட்ராசில் பட்ட பாடு தனிக் கதை. பேரிங்கு கிடைத்தது, இஞ்சின் தலைக்கு அடியில் போடுகிற கேஸ்கட் தகடு கிடைக்கவில்லை. ஒரே கம்பெனி, ஒரே வண்டி, ஆனால் அடுத்த வருட கேஸ்கட்டை வைத்தால் இரண்டு துளை தள்ளி நிற்கிறது. "செஞ்சியில இருந்து இதுக்கா வந்த? கோட்டை மேல பீரங்கி கிடக்குமே, அத ரிப்பேர் பண்றதுதானே" என்றான் ஒரு கடைக்காரன். சரியானதைக் கண்டுபிடிப்பதற்குள் பூஜை என்று கடைகளைச் சாத்திவிட்டார்கள். இரண்டு நாள் காத்துக்கிடந்து வாங்கிவந்தேன்.

வந்து பார்த்தால், கோணியும் இல்லை, வரிசையும் இல்லை. ராடு நான்கும் ஒரு பக்கம். மூடி நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக இன்னொரு பக்கம்.

"என்னாடி பண்ணி வெச்சிருக்க?"

"இன்னா பண்ணேன்? பூஜை பண்ணேன். வருஷா வருஷம் இஞ்சினப் பிரிச்சுப் போட்டுட்டு நீயேதான கழுவச் சொல்லுவ?"

அது உண்மைதான். அதனால் கோபம் இன்னும் ஏறியது. அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே நுழைந்தார். அவர் முன்னால் என் திறமை சந்தி சிரிக்கிறதே என்ற ஆத்திரத்தில், "பாத்திரம் தேய்க்கறவளுக்கு இஞ்சினப் பத்தி இன்னாடி தெரியும்? இனிமே பட்டறைப் பக்கம் வந்து வாயத் தொறக்காத!" என்று கத்திவிட்டேன்.

அவள் குத்துவிளக்கை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போய்விட்டாள்.

முதலாளி நிதானமாகத்தான் கேட்டார். "இன்னாப்பா, கெளம்புமா கெளம்பாதா? திண்டிவனத்துச் சம்பந்திக்குச் சேதி சொல்லிட்டேன். கார்னு சொல்லி கட்டை வண்டில ஏத்தனா, பேச்சு மாத்தறவன்னு என் பொண்ணுக்குத்தான் அந்த ஊட்ல காலம் பூரா குத்திக்காட்டுவாங்க. முடியலன்னா இப்பவே சொல்லிடு, சாரட்டு வண்டிக்கு ஆள் அனுப்பறேன்."

"கெளம்பும் மொதலாளி" என்றேன். வாய் சொல்லியது. மனது சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பத்தே நாள்.

அன்றைக்கு ஆரம்பித்தேன். வால்வுகளைப் பற்றிக் கவலையில்லை, எப்படியும் ஒவ்வொன்றையும் அரைத்துத்தான் உட்கார வைக்க வேண்டும். ராடுதான் உயிரை வாங்கியது. நான்கு ராடு, நான்கு மூடி. ஒவ்வொரு மூடியையும் இப்படியும் போடலாம், திருப்பியும் போடலாம். மொத்தம் எத்தனை விதம் என்று கணக்குப் போடக்கூட எனக்குத் தெரியாது. மாட்டுவேன், போல்ட்டை இறுக்குவேன், கிராங்கைச் சுற்றுவேன். அசையாது. கழற்றுவேன், மூடியை மாற்றுவேன், இறுக்குவேன். கொஞ்சம் சுற்றும், நம்பிக்கை வரும், அப்புறம் கடக்கென்று நிற்கும். ஸ்பானரை வீசி எறிவேன். பிறகு நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவேன். ஐந்து நாள் இதே பிழைப்பு. உள்ளங்கை தோலுரிந்துபோனது.

வீட்டில் அவள் என்னிடம் பேசுவதே இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் கோழியிடம் சொன்னாள். "சோறு ஆறுது, சாப்புடறவங்க வந்து சாப்புடலாம்." கோழி அவளைப் பார்க்கும், நான் எழுந்து போவேன்.

ஆறாம் நாள் மத்தியானம். நான் மூடிகளைச் சீட்டுக்கட்டு மாதிரி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொள்கிறேன். காலி டம்ளரை எடுக்க வந்தவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு காலடியில் மேய்ந்த கோழியிடம், "புள்ளியப் பாத்து மாட்டாம, குருட்டாம்போக்குல மாட்டனா எப்படிச் சேரும்?" என்றாள்.

"எந்தப் புள்ளி?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் இன்னும் கோழியைத்தான் பார்த்தாள். "தேய்க்கும்போதே பாத்தேன். ஓரமா குத்தி வெச்சிருக்குது. ஒண்ணுல ஒரு புள்ளி, ஒண்ணுல ரெண்டு, மூணு, நாலு. மூடிலயும் அதே கணக்கு. கல்யாண வீட்டுக்கு இரவல் குடுக்கற அண்டாவுல நாங்க குத்தி வெக்கறதில்ல? அண்டாவுக்கு எத்தினி புள்ளியோ மூடிக்கும் அத்தினி. புள்ளியும் புள்ளியும் ஒரே பக்கம் வரணும்."

ராடை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். கடுகளவில் மூன்று புள்ளி, கூர் உளியால் குத்தியது. மூடிகளைத் தேடினேன். மூன்று புள்ளி வைத்த மூடி அங்கே இருந்தது. வருடக்கணக்கில் ஏறின கரி எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் புதைந்து கிடந்ததை நான் பிரிக்கும்போது பார்க்கவே இல்லை. அவள் புளி போட்டுத் தேய்த்ததால்தான் வெளியே தெரிந்திருக்கிறது.

"அப்புறம் எதுக்குடி கலைச்சு வெச்ச?"

"கலைக்கல. அடுக்கனேன். அண்டா ஒரு அடுக்கு, மூடி ஒரு அடுக்கு. வேணும்போது புள்ளி பாத்து எடுக்கறதுதான?"

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "வாயத் தொறக்காதன்னு சொன்னது யாரு?"

டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் புள்ளி பார்த்து நான்கையும் மாட்டினேன். எத்தனை புள்ளியோ அத்தனையாவது சிலிண்டர் குழியில் ராடு. போல்ட்டை இறுக்கிவிட்டுக் கிராங்கில் கை வைத்தேன். செக்கு மாதிரி வழுவழுவென்று சுற்றியது. ஐந்து நாள் மல்லுக்கு நின்றதை நினைத்து எனக்கு என்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

இரண்டு நாள் கழித்து முதலாளி முன்னால் ஹாண்டில் போட்டேன். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கோட்டை இருக்கிற ராஜகிரி மலையில் பட்டுத் திரும்பி வந்தது. முதலாளி என் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரன்யா நீ! இந்த ஜில்லாவுல எவனுக்கு வரும் இது?"

நான் இளித்துக்கொண்டு நின்றேன். பாராட்டு இனிக்கத்தானே செய்யும்? அவள் மோர்ச் செம்போடு வந்து முதலாளியிடம் நீட்டினாள். அவளே ஏதாவது சொல்லியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவரெதிரே கத்தியதை அவரெதிரேதான் திரும்ப எடுக்க வேண்டும் என்று அப்போது உறைத்தது.

"நான் இல்ல மொதலாளி. இவதான் கண்டுபுடிச்சா. அன்னிக்கு உங்க முன்னால நான் கத்தினது தப்பு" என்றேன். புள்ளி விஷயம் முழுவதையும் சொன்னேன்.

முதலாளி மோரைக் குடிக்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். "அப்போ மெக்கானிக்கு யாரு, நீயா அவளா?"

அந்த மாப்பிள்ளை அழைப்பு குறையில்லாமல் நடந்தது. நான்தான் ஓட்டினேன், மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை பக்கத்தில். வழியில் ஒரு தரம்கூட இஞ்சின் அணையவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ இஞ்சின்களைப் பிரித்துவிட்டேன். ஆனால் "உனக்கு என்ன தெரியும்" என்ற வார்த்தையை யாரிடமும் சொல்ல எனக்கு இன்றுவரை துணிவில்லை. யாருக்கு என்ன தெரியும் என்பது உண்மையிலேயே எனக்குத் தெரியாது என்று அந்தப் பத்து நாளில் தெரிந்துகொண்டேன்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் நிற்பது, வண்டி கிளம்பின அந்த நாள்தான். மாப்பிள்ளையை ஏற்றுவதற்கு முன்னால் பாரம் வைத்துப் பக்கத்து ஊரான வல்லம் வரைக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். முதலாளி உடனே ஆளை விட்டு மில்லிலிருந்து ஒரு மூட்டை மணிலாக்கொட்டையைக் கொண்டுவரச் சொல்லி, மாப்பிள்ளை எடை சரியாக இருக்கும் என்று பக்கத்து சீட்டில் வைத்துவிட்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவள் செம்பைக் கீழே வைத்தாள். நேராக வண்டியிடம் வந்தாள். மூட்டையை இரண்டு கையாலும் இழுத்துத் தரையில் தள்ளினாள். முந்தானையால் சீட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஏறி உட்கார்ந்தாள்.