எதிராளி சொன்ன நான்கெல்லை

என் மகளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தபோது நான் ஒரு தேர்தலில் நின்றேன். பஞ்சாயத்துத் தேர்தல் இல்லை. நிலம் அளக்கிறவர்கள், வரைபடம் போடுகிறவர்கள், அந்தப் படங்களைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து காஞ்சிபுரத்தில் ஒரு சங்கம் நடத்திவந்தோம். அதன் செயற்குழுவுக்கான தேர்தல். வரைபடப் பிரிவுக்கு ஒரே ஓர் இடம். அதற்கு நானும் ராஜகுளத்துக்காரர் ஒருவரும் போட்டியிட்டோம்.

எனக்குப் பதவி ஆசை இருந்ததாக நினைவில்லை. இருந்ததோ என்னவோ, இப்போது யோசித்தாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு விதி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சங்கத்தின் பதிவு அட்டை இருந்தால்தான் ஒப்பந்தக்காரர்கள் எங்களுக்கு வேலை கொடுப்பார்கள். தொடர்ந்து ஓராண்டு வேலை செய்யாவிட்டால் அந்தப் பதிவு போய்விடும். பிறகு வேண்டுமென்றால் பயிற்சியாளராக முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆண்களுக்கு அந்த விதி இருப்பதே தெரியாது. உத்திரமேரூரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கணினி அறையில், எனக்கு முன்பு வேலை பார்த்த பெண்கள் ஒவ்வொருவராகப் பிரசவத்துக்குப் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. இப்போது என் முறை. குழந்தை பால்குடி மறக்கவில்லை, அடிக்கடி சளி பிடித்தது. ஓராண்டுக்குள் திரும்ப முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. செயற்குழுவில் உட்கார்ந்தால் அந்த விதியைப் பற்றிப் பேசலாம் என்றுதான் மனு கொடுத்தேன். கொடுத்த அன்றே திரும்ப வாங்கிவிடலாமா என்றும் நினைத்தேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேட்பாளர் தன்னைப் பற்றித் தானே பேசக் கூடாது. எதிர்த்து நிற்பவர்தான் அவரை மேடையில் அறிமுகப்படுத்த வேண்டும். ஒரு நிலத்தை அளக்கும்போது பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதானே அளக்கிறோம், அதுபோல. பத்திரத்தில் நிலத்துக்கு நான்கெல்லை எழுதுகிற மாதிரி, இவருக்கு வடக்கே என்ன, தெற்கே என்ன என்று நான்கு பக்கமும் சொல்ல வேண்டும். அதற்காகக் கூட்டத்துக்கு முன்பு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் ஒரு முறை போய்ப் பார்த்து வருவார்கள். இதற்கு ‘எல்லை சொல்வது’ என்று பெயர்.

ராஜகுளத்துக்காரர் முதலில் எங்கள் வீட்டுக்கு வருவதாக முடிவாயிற்று. முந்தின நாளே நான் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அவர் வந்து எதைப் பார்ப்பார்? கொடி முழுக்கக் குழந்தைத் துணி. கூடத்தில் தொட்டில். வேலைக்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. “வேலையில் இல்லாதவர் எப்படி நிற்கலாம்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டால் முடிந்தது. உரக்கடையில் வேலை பார்த்த என் கணவர்தான், நான் ஐ.டி.ஐ.யில் படித்தபோது வாங்கிய வரைபலகையைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து ஜன்னலோரம் வைத்தார்.

“சும்மா ஒரு பார்வைக்கு இருக்கட்டும்.”

நான் அதை மறுபடி பரணில் ஏற்றச் சொன்னேன். அப்புறம் இறக்கச் சொன்னேன். கடைசியில் அது ஜன்னலோரமே நின்றது.

ராஜகுளத்துக்காரர் மொபெட்டில் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், வெயிலில் அலைந்து கறுத்த முகம். என் மாமியார் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

“வா நைனா, ஒக்காரு. ராஜகொளத்துலேர்ந்தா வர்ற? இம்மாம் வெயில்ல? இன்னா சாப்புடற?”

“மோரே போதும்மா.”

மாமியாரின் கண் ஜன்னல் பக்கம் போனது.

“இது இன்னாத்துக்கு இங்க வந்து நிக்குது? நேத்து வரைக்கும் பரண் மேல எலி புயுக்க போட்டுக்கினு இருந்துச்சே!”

நான் அடுப்பங்கரைக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். அவர் மோரை உறிஞ்சியபடி, “அப்ப மருமவ இப்ப வரையறதில்லையா?” என்றார்.

“எங்கப்பா வரையறா? கொயந்த எறக்கி வுட்டா அயுவுது, தூக்குனா தூங்குது. இதப் பாத்துக்கினே பொயுது பூடுது. ஆபீஸ் போயி எட்டு மாசம் ஆவுது.”

அவர் தொட்டிலை எட்டிப் பார்த்தார். “பொண்ணாம்மா?” என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். வாசலில் வண்டியைத் தள்ளியபோது, “அடுத்த ஞாயித்துக்கெயம எங்க வூட்டுக்கு வந்துடும்மா. கொயந்தயத் தூக்கினு வா” என்று மட்டும் சொன்னார்.

அவர் போனதும் நான் மாமியாரிடம் கோபப்பட்டேன். “நான் இன்னா பொய்யா சொன்னேன்?” என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு நானும் கணவரும் குழந்தையோடு காஞ்சிபுரத்தில் பேருந்து மாறி ராஜகுளம் போனோம். அவர் வீட்டில் முன்னறை முழுக்க வேலைதான். கண்ணாடி பதித்த மேசை, அடியில் டியூப்லைட், மேலே கிழிந்து பழுத்த பழைய புலப்படம் ஒன்று, அதன் மேல் புதிய தாள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உரிய நிலத்தை, எல்லைக் கல்லுக்குக் கல் அளவோடு காட்டும் படத்தைத்தான் புலப்படம் என்போம். நைந்துபோன படங்களை அவர் புதிதாக வரைந்து அனுப்புவார். அவை எங்கள் உத்திரமேரூர் அறைக்கு வரும். நாங்கள் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுவோம்.

அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவருடைய மனைவி. பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். ராஜகுளத்துக்காரர் எங்களுக்குக் கலர் சோடா வாங்கிவரக் கடைக்குப் போனார், என் கணவரும் கூடவே போனார்.

நான் மேசையைப் பார்த்தேன். பாதி முடிந்த படத்தில் அளவுகள் எழுதியிருந்தன. அந்த எண்களை எனக்குத் தெரியும். தலை திறந்த நான்கு. வயிற்றில் சின்னக் கோடு போட்ட ஏழு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் பார்த்துவந்த கை அது. மற்றவர்களின் படம் வந்தால் இது ஒன்றா ஏழா என்று கண்ணைக் கசக்குவோம். ராஜகுளத்துப் படம் வந்தால் அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். வயிற்றில் பிள்ளையோடு உட்கார முடியாமல் தவித்த மாதங்களில், இந்தக் கைக்காரர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் எத்தனையோ முறை வாழ்த்தியிருக்கிறேன்.

“அக்கா, இது நீங்க போடறதா?” என்றேன்.

அவர் முகம் மாறியது. குழந்தையை ஆட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தார்.

“எல்லாம் நான் போடறதுதான். எனக்கும் பதிவு இருந்துச்சு. பெரியவன் பொறந்தப்ப வருசம் தாண்டிப் பூட்ச்சு. திரும்பப் பயிற்சியில சேருன்னாங்க. கைக்கொயந்தய வெச்சிக்கினு எங்க சேர்றது? அவுரு அளக்கப் போவாரு, நான் படம் போடுவேன். கையெயுத்து அவுருது.”

நான் மறுபடி அந்த எண்களைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“மேடையில சொல்லிடாதம்மா. பதிவு இல்லாதவங்கள வெச்சிப் படம் போட்டா அவுரு பதிவும் பூடும்.”

“சொல்ல மாட்டேன்க்கா.”

சொல்லிவிட்டேனே தவிர, திரும்பும் பேருந்தில் மனது நிலைகொள்ளவில்லை. என் கணவரிடம் சொன்னேன். அவர் கடையில் வேலை பார்ப்பவர், கணக்கு அவருக்கு எளிது.

“அவரு உன்னச் சொன்னா, நீ அவரச் சொல்லு. சரியாப் போச்சு.”

“அந்தக்கா கெஞ்சினாங்களே.”

“அப்ப சொல்லாத.”

“அவர் சொல்லிட்டா?”

“நீ எறங்கறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வா. புள்ள தூங்குது.”

முடிவுக்கு வந்தேன். ராஜகுளத்துக்காரரின் நான்கெல்லையில் அந்தக் கண்ணாடி மேசை வராது. தோற்றால் தோற்கட்டும். மறுநாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது, நான் தோற்றால் அந்த விதியைப் பற்றிப் பேச யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. துணி துவைக்கும்போது, ஒரு வீட்டின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு என்ன நியாயம் பேசப்போகிறேன் என்று தோன்றியது. கூட்ட நாள் வரை இப்படியேதான்.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரம் இன்னும் வாசலில் இருந்தது. என்னைப் பார்த்ததும் சங்கத் தலைவர், “வாங்கம்மா உத்திரமேரூர். குடத்துல ஓலை போட்ட ஊரு, நீங்க தோத்தா எங்களுக்குத்தான் அசிங்கம்” என்று சிரித்தார். எங்கள் ஊர் என்றால் எல்லாருக்கும் அது ஒன்றுதான் நினைவுக்கு வரும். நானும் சிரித்து வைத்தேன். ராஜகுளத்து அக்காவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேட்காமலே கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

முதலில் ராஜகுளத்துக்காரரைக் கூப்பிட்டார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார்.

“உத்திரமேரூர்க்காரம்மாவுக்கு நான்கெல்லை சொல்றேன். வடக்கால அவங்க மாமியார். அந்த எல்லையத் தாண்டி ஒரு பொய்யும் உள்ள போவாது.”

மண்டபம் சிரித்தது. எனக்குக் காது சூடாயிற்று.

“தெக்கால அவங்க வூட்டுக்காரரு. தங்கமான மனுசன், பலகையத் தொடைச்சிக் குடுக்கறாரு, கடைக்குப் போறப்ப அவரே சொன்னாரு. மேக்கால அந்த வரைபலகை. எட்டு மாசமாப் பரண் மேல இருந்துச்சு. கெயக்கால ஒரு தொட்டில்.”

நான் பயந்த கேள்வி நடுவரிசையிலிருந்து வந்தது. “அப்ப அந்தம்மா வேலையில இல்லையா?”

“இல்ல,” என்றார் அவர். “கொயந்த பெத்தாங்க. கொஞ்ச மாசம் போனா பதிவும் இருக்காது. நம்ப விதி அப்டித்தான் கீது. கை ஒடைஞ்சி படுத்தவனுக்கும் அதான், புள்ள பெத்தவங்களுக்கும் அதான். எங்க வூட்லயும் ஒருத்தருக்கு அப்டித்தான் பூட்ச்சு. அன்னிலேர்ந்து என் பேர்ல வர்ற படமெல்லாம் அவங்க போடறது. நான் கையெயுத்து மட்டும்தான்.”

தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“யோவ், இன்னாய்யா பேசற? தேர்தல்ல நிக்கிறவன் பேசற பேச்சா இது?”

“நான் அவங்க எல்லையத்தான் சொல்றேன் தலைவரே. பக்கத்துல என் நெலம் வருது, நான் இன்னா செய்யறது?”

அடுத்து என் முறை. நான் மனப்பாடம் செய்து வந்ததில் கண்ணாடி மேசை இல்லை. இப்போது அந்தப் பேச்சு உதவாது. மேடையில் நின்று என்ன பேசினேன் என்பது பாதிதான் நினைவிருக்கிறது. தலை திறந்த நான்கைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கை யாருடையது என்று தெரியாமலே வாழ்த்தியதைச் சொன்னேன். ராஜகுளத்துக்காரருக்கு நான்கு பக்கமும் அந்த மேசைதான் எல்லை என்றேன். பின்வரிசையில் குழந்தை வீறிட்டு அழுதது. “சீக்கிரம் முடிம்மா, அது ஓட்டுக் கேக்குது” என்று யாரோ சொன்னார்கள். முடித்துவிட்டு ஓடினேன்.

சீட்டுகளை எண்ணியதில் நான் வென்றேன். அவர் தோற்றார். தோற்றதோடு ஓர் எச்சரிக்கையும் வந்தது. பதிவை ரத்து செய்யாமல் விட்டது செயற்குழுவில் இருந்தவர்களின் நல்ல மனது. அடுத்த பொதுக்குழுவில் நான் எழுந்து நின்று, பிரசவத்துக்காக விட்ட காலத்தை வேலை முறிவாகக் கொள்ளக் கூடாது, முன்பு அப்படிப் பதிவு இழந்தவர்களுக்கும் அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற திருத்தத்தைப் படித்தேன். எதிர்த்துப் பேச ஒருவரும் எழவில்லை, திருத்தம் நிறைவேறியது.

அன்று வாசலில் ராஜகுளத்துக்காரரைப் பிடித்துக் கேட்டேன். “ஏன் சார் அப்படிப் பேசினீங்க? நான் சொல்ல மாட்டேன்னு அக்காகிட்ட சொல்லியிருந்தேனே.”

“அதான் பேஜாராப் போச்சு,” என்றார். “அந்தப் பொண்ணு நமக்காக வாய மூடிக்கினு தோத்துப் பூடும், அது நமக்கு வாணாம்னு சொல்ட்டு, எங்க வூட்டம்மாதான் அந்தப் பேச்ச எயுதிக் குடுத்தா. நீ அதயும் என் கைன்னு நெனச்சிக்கினியா?”

அவர்கள் இருவரிடமும் நன்றி என்ற சொல்லை நான் முறையாகச் சொன்னதே இல்லை. சொல்ல நினைக்கும்போதெல்லாம், அது சின்னதாக இருக்குமோ என்று வாயை மூடிக்கொண்டேன். மாமியாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு ஒன்றரை வயதில் நான் வேலைக்குத் திரும்பியபோது, “நீ போ, அது என்கிட்ட இருக்கட்டும்” என்று இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டவர் அவர்தான். அன்று அவர் அந்த வரைபலகையைக் காட்டிக்கொடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

நான் திரும்பிய சில வாரங்களில் ராஜகுளத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. ஒவ்வொரு படத்தின் அடியிலும் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று வரைந்தவர், மற்றது சரிபார்த்தவர். வரைந்தவர் கட்டத்தில் முதன்முறையாக அந்த அக்காவின் பெயர் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சரிபார்க்க ஆரம்பித்தேன். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே அளவு விட்டுப்போயிருந்தது. இன்று மட்டும் நானே பழைய படத்தைப் பார்த்து எழுதிவிடலாமா என்று பேனாவை எடுத்தேன், வைத்தேன். கடைசியில் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் வரை அது சரியா என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அலுவலகத் தொலைபேசி அடித்தது.

“இன்னா மேடம்,” என்றது அக்காவின் குரல். “இத்தினி வருசமா அவுரு பேர்ல அனுப்பினப்ப ஒரு தப்பும் ஒங்க கண்ணுக்குத் தெரியல. என் பேர்ல வந்த மொதப் படத்துலயே புடிச்சிட்டீங்களா?”

நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன். அவர் விடாமல் சிரித்தார்.

“நீங்க அனுப்பினதுதான் கரெக்ட்டு. வெய்யுங்க, அளவப் போட்டு இன்னிக்கே பஸ்ஸுல குடுத்து அனுப்பறேன். கொயந்த எப்டி கீது?”