ராகு காலத்தில வெளிக்கிட்ட தொப்பி

ஒரு கறுத்த சூட்கேஸ். அதுக்கு மேல என்ர சம்பந்தி, பட்டுச்சீலையும் கம்பளிச் சட்டையுமா, கை ரெண்டையும் கட்டிக்கொண்டு குந்தியிருக்கிறா. வெம்பிளியில எங்கட வீட்டு வாசலில, காருக்குப் போற வழியை அப்பிடியே மறிச்சபடி. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, ஓகஸ்ட் மாசத்து வெள்ளிக்கிழமை காலமை. அவவை நினைச்சா எனக்கு முதல் வாறது அந்தக் கோலம்தான். சம்பந்தி எண்டால் என்ர மகளைக் கட்டினவற்ற தாய். மச்சாள் எண்டுதான் கூப்பிடுறனான். அவ தமிழில நல்லாப் படிச்சவ. நான் மூண்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆனா பொய் சொல்லுற பாடத்தில வகுப்பில நான்தான் முதலாம் பிள்ளை.

என்ர மருமகன் லண்டனுக்கு வர முதல் ஜெர்மனியில ஒரு சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவினவர். அங்க றேடியோவில போன கன்ட்ரி மியூசிக்கில விழுந்திட்டார். அமெரிக்காவில மாடு மேய்க்கிறவையின்ர பாட்டாம். மாடு துலைஞ்சாலும் ஒரு பாட்டு, மனிசி துலைஞ்சாலும் அதே பாட்டு. இங்க வந்து குழாய் பூட்டுற வேலை செய்தாலும் கிட்டாரை விடேல்லை. கடற்கரையில டென்ட் அடிச்சு மூண்டு நாள் நடக்கிற விழா ஒண்டில புது ஆக்களுக்கும் ஒரு பாட்டுப் பாட இடம் குடுக்கினம் எண்டு, தை மாசமே பேர் குடுத்து வைச்சவர். பேந்து மே மாசம் வந்துது. ஊரில கடைசிச் சண்டையில எங்கட சனத்துக்கு நடந்ததுக்குப் பிறகு எங்கட வீடுகளில ஒருத்தரும் பாட்டுப் போடேல்லை. கிட்டார் கட்டிலுக்குக் கீழ போயிட்டுது. விழாக்காரர் வரச் சொல்லிக் கடிதம் போட, "நான் போகேல்லை" எண்டிட்டார். மச்சாள்தான் அந்த முழங்கால் வருத்தத்தோட கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு, கிட்டாரை இழுத்தெடுத்து, சீலைத் தலைப்பால தூசு துடைச்சு அவற்ற மடியில வைச்சா. "பாடு ராசா. உன்ர சத்தம் கேட்டுக் கன நாள்." அவ்வளவுதான் சொன்னா. எல்லாரும் போறதெண்டு முடிவாச்சு.

பிறகென்ன, எங்கட ஆயத்தத்தைக் கேளுங்கோ. டென்ட்டை முதல் வீட்டு முன் ஹோலுக்குள்ள விரிச்சுப் பாத்தம். மச்சாள் உள்ள போய்ப் படுத்தா. நான் வெளியில நிண்டு சிப்பை இழுத்து மூடிப்போட்டுத் தேத்தண்ணி போடப் போயிட்டன். கால் மணித்தியாலம் உள்ளுக்க இருந்து தேவாரம் கேட்டுது. மருமகன் வாங்கி வைச்ச மாட்டுக்காரத் தொப்பியைக் கண்டிட்டு, வெங்காயம் போட நல்ல பெட்டி எண்டு ரெண்டு கிலோ கொட்டி வைச்சன். மருமகன் ரெண்டு நாளா அதை மணந்து மணந்து பாத்தார். மச்சாள் இடியப்ப உரல், கூழ்ப் பானை, கூழுக்குப் பனங்கிழங்கு ஒடியல் மா, தேங்காய் திருவுற திருவலை எல்லாம் கட்டினா. நான் ரைஸ் குக்கரைத் தூக்கி வைச்சன். "மாமி, மணலுக்குள்ள வயரை எங்க குத்துவீங்கள்? நாங்கள் பாட்டுக் கேக்கப் போறம், கோயில் திருவிழாவுக்கு இல்லை" எண்டார் மருமகன். "மூண்டு நாள் நடந்தா அது திருவிழாதான் தம்பி. நீங்கள் பாடுங்கோ, நாங்கள் அன்னதானம் பாக்கிறம்" எண்டன் நான்.

அவர் மேடை ஏற வேண்டியது வெள்ளி ரெண்டு மணிக்கு. ஒண்டரைக்கு முதல் போய்ப் பதியாட்டி அந்த இடம் வேற ஆளுக்கு. கார் ஓட்டம் ரெண்டரை மணித்தியாலம். பத்து மணிக்கு வெளிக்கிடுறதெண்டு பேச்சு. ஆனா கூழ்ப் பானை டிக்கிக்குள்ள போகேல்லை. அதை இறக்கி ஏத்தி, ஏத்தி இறக்க, மணி பத்து முப்பத்தைஞ்சு. மச்சாள் கலண்டரைப் பாத்தா. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். உடன சூட்கேசில குந்திட்டா. பன்ரெண்டு மணிக்குத்தான் எழும்புவாவாம்.

"மாமி, அது கொழும்புக் கலண்டர். அங்கத்தைப் பத்தரை இங்க காலமை ஆறு மணி. ராகு எப்பவோ போயிட்டார்" எண்டாள் மகள்.

"நான் லண்டனுக்கு வந்தனான்தானே? அவருக்கு வரத் தெரியாதே?"

மச்சாள் விளையாட்டுக்குச் சொல்லேல்லை எண்டு முகத்தில தெரிஞ்சுது. அந்த வருசம் இழந்தது போதும், இந்தப் பிள்ளைக்கும் ஒண்டு நடந்திடுமோ எண்ட பயம். மருமகன் கிட்டாரைக் காரால இறக்கினார்.

எங்கட ஆக்களிட்டை ஒரு வழி இருக்கு. நல்ல நேரத்திலேயே பயணக்காரன்ர சாமான் ஒண்டைக் கொண்டுபோய் அயல் வீட்டில வைச்சிட்டா, பயணம் அப்பவே துவங்கினதாக் கணக்கு. பிறகு எப்ப போனாலும் தோசமில்லை. நான் மெல்லக் குசினிக்குள்ள போய், மேசையில இருந்த தொப்பியைச் சீலைக்குள்ள ஒளிச்சுக்கொண்டு பின் வளவுக்கு ஓடினன். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசி உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நிண்டா. வேலிக்கு மேலால நீட்டி, "யூ கீப். ஐ கம். யூ கிவ்" எண்டன். என்ர இங்கிலிஸ் முழுக்க அதோட முடிஞ்சுது.

முன்பக்கம் வந்து, "அட, மறந்தே போனன் மச்சாள்! நான் ஒன்பதரைக்கே தம்பியின்ர தொப்பியை அங்க குடுத்து வைச்சிட்டன்" எண்டு சொல்லிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினன். அந்த மனுசி தொப்பியைத் தலையில போட்டுக்கொண்டு, இடுப்பை ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு வெளியில வந்தா. வந்ததோட நிக்காமல், அஞ்சு நிமிசத்துக்கு முதல்தானே தந்தனீ எண்டு இங்கிலிஸில கேக்கிறா! அது மட்டும் எனக்கு நல்லா விளங்கிச்சுது. என்ர மகள், என்ர வயித்தில பிறந்தவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள்: "காலமையில இருந்து பவுத்திரமா வைச்சிருந்தவவாம், மாமி."

மச்சாள் தொப்பியைப் பாத்தா. என்னைப் பாத்தா. ஒரு பெருமூச்சு விட்டிட்டு, "அப்ப ஏன் நிக்கிறியள், ஏறுங்கோவன்" எண்டு எழும்பினா. கூழ்ப் பானையை என்ர மடியில வைச்சுக்கொண்டு போனம். ஒண்டே காலுக்குப் பதிஞ்சாச்சு.

மருமகனுக்கு இப்ப தலையில முடியும் இல்லை, மூக்குக்கண்ணாடி இல்லாமல் கிட்டார்க் கம்பியும் தெரியாது. மச்சாள் கனடாவில மூத்த மகனோட. கிழமைக்கு ஒருக்கா போனில என்னை ஏசாட்டி அவவுக்குச் சோறு இறங்காது. ஆனா அண்டைக்கு அந்தக் கடற்காத்துக்குள்ள, சப்பாத்தோட மணலில ஆடுற வெள்ளைக்காரருக்கு முன்னால, மருமகன் கண்ணை மூடிக்கொண்டு பாடின சத்தம் இப்பவும் என்ர காதுக்குள்ள இருக்கு. பாட்டு விளங்கேல்லை. மாடு துலைஞ்சிருக்கும். மச்சாளும் நானும் சீலையைத் தூக்கிக்கொண்டு அவையோட ஆடினம்.

பாடி முடிச்சுத் தொப்பியைக் கழட்டிக் கும்பிட்டார். தலையெல்லாம் வெள்ளையாத் திருநீறு.

"உதென்ன மச்சாள்?" எண்டன்.

"பத்து மணிக்கு நான்தான் தொப்பிக்குள்ள போட்டனான். குசினி மேசையில வைச்சு." மேடையைப் பாத்துக் கைதட்டிக்கொண்டே சொன்னா.

ஒன்பதரைக்கு அயல் வீட்டுக்குப் போன தொப்பி! "அப்ப பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டோ எழும்பினனீங்கள்?"

"எனக்குத் தெரியும்தான்" எண்டா மச்சாள். "ராகுவுக்குத் தெரியாதுதானே."